அப்பாயி இருந்தால் ஒரே சொல்லில் முடித்திருப்பார்

நேற்று ராத்திரி ஒரு பழைய நோட்டில் எலிசபெத் ராணிக்கும் பிலிப்புக்கும் வம்சக்கொடி போட்டுக்கொண்டிருந்தேன். 1947இல் கல்யாணம் செய்துகொண்ட இவர்கள் இருவருக்கும் விக்டோரியா மகாராணி கொள்ளுப்பாட்டியின் அம்மா ஸ்தானம். ஆங்கிலேயர் இதைத் 'தேர்ட் கசின்' என்கிறார்கள். தாத்தா பாட்டி ஒன்றானால் ஃபர்ஸ்ட், கொள்ளுத்தாத்தா ஒன்றானால் செகண்ட், அதற்கும் மேலே போனால் தேர்ட். டென்மார்க் அரசர் ஒன்பதாம் கிறிஸ்டியன் வழியாகப் பார்த்தால் பிலிப் ஒரு தலைமுறை மேலே நிற்கிறார். அது 'செகண்ட் கசின், ஒன்ஸ் ரிமூவ்ட்'. அந்த 'ரிமூவ்ட்' தலைமுறை வித்தியாசம்தான், வேறொன்றும் இல்லை.

சரி, நம் முறையில் என்ன வரும்? விக்டோரியாவின் மகன் வழியில் எலிசபெத், மகள் வழியில் பிலிப். அண்ணன் தங்கையிலிருந்து படிப்படியாக இறங்கி வந்தால் பிலிப் அத்தை மகன்! கிறிஸ்டியன் வழியில் கணக்குப் போட்டால் மாமா முறை. எப்படிப் பார்த்தாலும் கட்டிக்கிற முறைதான். எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஆங்கிலச் சொல் எத்தனை படி தூரம் என்று சொல்கிறது. அண்ணனா, மச்சானா என்று சொல்வதில்லை. எங்கள் அப்பாயி கல்யாண வீட்டில் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, யாரென்றே தெரியாத ஒருவரைப் பார்த்து, "உங்க தாத்தாவுக்குப் பொறந்த ஊர் எது?" என்று ஆரம்பிப்பார். மூன்றாவது கேள்வியில் என்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்குச் சித்தப்பாடா, கும்பிட்டுக்கோ" என்பார்.