ஐந்தாவது பெயர்

"அப்பா, அவங்க நாலு பேர்தானே? இதுல அஞ்சு பேர் இருக்கே?"

ராத்திரி பாத்திரம் கழுவும்போது லெட் செப்பெலின் ராக் குழுவின் 'ஹோல் லாட்டா லவ்' பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஈரக் கையோடு போனைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். எழுதியவர்கள்: பேஜ், பிளான்ட், ஜோன்ஸ், பான்ஹம். கூடவே டிக்சன்.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. வில்லி டிக்சன் எழுதி 1962இல் மடி வாட்டர்ஸ் பாடிய ப்ளூஸ் பாட்டிலிருந்து வரிகளை எடுத்து, 1969இல் தங்கள் பெயரிலேயே போட்டுக்கொண்டார்கள். டிக்சன் 1985இல் வழக்குப் போட்டு, 1987இல் சமரசமாகி, அப்புறம்தான் இந்தப் பெயர் ஏறியது.

"அப்போ திருட்டுதானே?"

திருட்டுதான். இருபது வருஷமாக அந்தக் குழுவின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜைக் கடவுள் என்று சொல்லி வந்த வாய் இது, கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த ஆரம்ப ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, டிக்சன் பாட்டில் கிடையாது. நடுவில் எல்லாம் கலைந்து, தொடாமலே வாசிக்கும் தெரமின் என்ற மின்கருவி ஊளையிட்டு, பான்ஹமின் டிரம் வந்து மோதியதும் கிட்டார் தனியாகச் சீறுமே, அதுவும் கிடையாது. பேஜைவிடச் சுத்தமாக வாசிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு, மேடையில் சறுக்கவும் செய்வார். எந்தச் சத்தத்தை எங்கே வைப்பது என்று தெரிந்த தயாரிப்பாளர் அவர். என் ஓட்டு அதற்குத்தான்.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்க, அவள் மடி வாட்டர்ஸைத் தேடிப் போட்டுவிட்டாள்.

"இதுதான்பா நல்லா இருக்கு."

பாத்திரம் பாதி அப்படியே கிடக்கிறது.