பரோசாவுல குடிச்சது, சுங்கை சிப்புட்ல புரிஞ்சது

ஆஸ்திரேலியாவுல, அடிலெய்டுல இருந்து ஒரு மணி நேரம் கார்ல போனா பரோசா, ஒயினுக்குப் பேர் போன எடம். நான் போனது ஜூலை, அங்க குளிர்காலம், திராட்சைக் கொடியெல்லாம் ஒரு இலை இல்லாம கரிக்கட்டை மாரி நிக்குது, இதப் பாக்கவா இவ்ளோ டிக்கெட் காசு போட்டோம்னு ஆயிடுச்சு.

ரெண்டு கிளாஸ்ல மனசு மாறிடுச்சு. மொதல்ல பள்ளத்தாக்குல வெளஞ்ச ஷிராஸ் திராட்சையோட சிவப்பு ஒயின், மை மாரி கருப்பு, நாக்குல கனமா உக்காருது. அடுத்தது பக்கத்து மலைப்பக்கம் ஈடன் வேலியில வெளஞ்ச ரீஸ்லிங், வெள்ளை ஒயின், எலுமிச்சைய கடிச்ச மாரி பல்லு கூசுது. ரெண்டு எடத்துக்கும் நடுவுல அரை மணி நேரம்தான், ஆனா ஈடன் வேலி 400, 500 மீட்டர் உயரம். கீழ வெயில்ல பழத்துல சக்கரை ஏறிடும், மேல குளிர்ல மெதுவா பழுக்கறதால புளிப்பு தங்கிடும். மண்ணும் அப்படித்தான், ஒரு எடத்துல மணல், கொஞ்சம் தள்ளி செங்களி, களி தண்ணிய புடிச்சு வெச்சு கோடையில கொஞ்சங் கொஞ்சமா குடுக்கும், கல்லு மண்ணுல கொடி வாடி வதங்கி சின்னச் சின்னப் பழமா காய்க்கும், சின்னப் பழம்னா சாறு கம்மி தோல் ஜாஸ்தி, நெறமும் துவர்ப்பும் தூக்கலா வரும்.

மலேசியாவுக்குத் திரும்பி வந்ததும் பேராக்ல இருக்கற சுங்கை சிப்புட், பெரியப்பா வீடு. 35 வருஷம் பால்மரம், அதான் ரப்பர் மரம், வெட்டி பால் எடுத்தவரு, அவரு வேலை செஞ்ச தோட்டம் இப்ப செம்பனை, எண்ணெய்ப் பனை. தே ஓ, பாலில்லாத டீ, குடிச்சிக்கிட்டே என் பரோசா கதைய கேட்டாரு, அசரவே இல்ல.

"இதுக்கு பிளேன் ஏறணுமா லா? ஒரே கன்னுதான் நட்டோம், மேட்டு நெரையில பால் கொறச்சலா கெட்டியா வரும், பள்ளத்துல கோப்பை நெறஞ்சி வழியும். வெயில் ஏறுனா பால் நின்னுரும், அதான் இருட்டோட பெரட்டு, பேர் கூப்புட்டு வேலைக்கு அனுப்பிருவாங்க."

1843ல நட்ட ஷிராஸ் கொடி அங்க இன்னும் காய்க்குதுன்னேன். கோலாகங்சார்ல 1877ல நட்ட பால்மரம் நிக்குதேன்னாரு. மனுசன் விட்டுக் குடுக்க மாட்டாரு.

வாசல்ல பெரியம்மா வெச்ச திராட்சை, நாலு வருஷமா இலை மட்டும்தான். பரோசாவுல வருஷத்துக்கு 500 மில்லிமீட்டர் சொச்சம் மழை, அதுல பெரும்பங்கு குளிர்காலத்துல, கொடி அப்ப தூங்கும். நம்ம பேராக்ல 2000த்த தாண்டும், குளிரும் கெடையாது, கொடி எப்பதான் தூங்கும்? தமிழ்நாட்டுல கம்பம் பக்கம் கவாத்து பண்ணி, அதாவது கொடிய வெட்டி விட்டுத்தான் வருஷம் பூரா பன்னீர் திராட்சை எடுக்கறாங்கன்னு நான் வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்காம சொல்லிட்டேன்.

"பால்மரமே வருஷத்துக்கு ஒருதடவ எலைய கொட்டிட்டு ஓயுது, இதுக்கென்ன?"ன்னு எந்திரிச்சவரு, கத்திய எடுத்து மொத்தக் கொடியையும் மொட்டை அடிச்சிட்டாரு. கோயிலுக்குப் போயிருந்த பெரியம்மா வந்து பாத்தாங்க பாருங்க, நான் காரை எடுத்துட்டேன்.

நேத்து பெரியப்பா போட்டோ அனுப்பிருக்காரு, மூணு துளிர். பெரியம்மா இன்னும் ரெண்டு பேருகிட்டயும் பேசல.