விளாச்சேரியில் செய்த டைனோசர் எலும்பு

அறிவியல் கண்காட்சிக்கு டைனோசர் செய்யலாம் என்றதும் ஒன்பதாம் வகுப்பே டி.ரெக்ஸ் என்று கத்தியது. நான்தான் கெடுத்தேன். அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த டைனோசர் ஒன்று இருக்கிறது, அதைச் செய்வோம் என்றேன். பெயர் புருகத்காயோசாரஸ். பெரிய உடம்புக்காரன் என்று அர்த்தம். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது.

சொல்லிவிட்டேனே தவிர, எதைப் பார்த்துச் செய்வது? கிடைத்ததே இடுப்பெலும்பு, தொடையெலும்பிலும் முன்னங்காலிலும் துண்டுகள், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு, வாலில் ஒரு முள்ளெலும்பு. புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களில் பெயர் வைத்தபோது ஊன் உண்ணி என்றே வகைப்படுத்தினார்கள். நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்பது பிறகு வந்த முடிவு. சரி, அந்த எலும்புகளையாவது போய்ப் பார்க்கலாம் என்றால் அவையும் இல்லை. மாவுக்கட்டுப் போட்டு எடுத்தவை உள்ளுக்குள்ளேயே நொறுங்கிவிட்டன. மிஞ்சியவை கோட்டுப் படங்களும், 2022இல் வெளியான சில பழைய புகைப்படங்களும்தான்.

முழு உருவத்தைக் கற்பனையில் செய்ய எனக்கு மனசில்லை. முழங்காலுக்குக் கீழே உள்ள அந்த ஒரே எலும்பை அசல் அளவில் செய்வது என்று முடிவெடுத்தேன். நீளம் 2 மீட்டர். வகுப்பிலேயே உயரமான பையனை அதன் பக்கத்தில் நிறுத்தினால் போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

மதுரை பக்கம் விளாச்சேரியில் பொம்மை செய்யும் பெரியவர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். "முழு மிருகமா கேளுங்க சார், கொலுவுல வைக்கலாம். ஒத்தக் காலெலும்ப வச்சு என்ன பண்ணுவீங்க?" என்றார். அப்புறம் அவரே மூங்கில் தப்பையில் சட்டம் கட்டி, வைக்கோல் பிரி சுற்றி, காகிதக்கூழ் அப்பக் கற்றுக்கொடுத்தார். மைதாப் பசையில் துளி மயில்துத்தம் சேர்க்கச் சொன்னதும் அவர்தான், இல்லாவிட்டால் பூச்சி தின்றுவிடும்.

ஐப்பசி மாதம். பள்ளி வராந்தாவில் காய வைத்திருந்ததைச் சாரல் நனைத்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் கூழ் தரையில், சட்டம் மட்டும் நிற்கிறது. பிள்ளைகள் அழுவார்கள் என்று பயந்தேன். ஒருத்தி, "அசலும் இப்படித்தானே சார் போச்சு" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இரண்டாவதை வகுப்புக்குள்ளேயே, மின்விசிறிக்கு அடியில் நான்கு நாள் காய வைத்தோம்.

குட்டியானையில் ஏற்றிப் போனபோது டிரைவர் எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார்.

கண்காட்சியில் நடுவர் ஒருவர் சுற்றி வந்து, "இது மரக்கட்டை மாதிரி இருக்கே?" என்றார். அதே பெண்தான் பதில் சொன்னாள்: "அசலையும் கல்லாப் போன மரம்னு சந்தேகப்பட்டவங்க உண்டு சார். அரியலூர் பக்கம் சாத்தனூர்ல 18 மீட்டர் கல்மரமே கிடக்கு." சொல்லிக் கொடுத்தது நான்தான். ஆனால் இப்படி முகத்துக்கு நேரே சொல்லுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. நடுவர் எதையோ எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு சொட்டுநீர்ப் பாசனத்துக்கு, வருஷா வருஷம் அதற்குத்தான். எலும்பு இப்போது ஆய்வகத்தில் பீரோ மேல் கிடக்கிறது. பீரோவைவிட நீளம் என்பதால் ஒரு முனை சன்னல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. வானம் இருட்டினால் அந்தச் சன்னலைச் சாத்த யாராவது ஓடுகிறோம்.