வரைபடத்திலிருந்து வாவிக்கு: 12 அடிப் பிளைவூட் தோணி

பிளைவூட்டில் தோணி கட்ட வேண்டுமென்றால் வாளும் சீவுளியும் கைவந்திருக்க வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவில் ஒன்றைக் கட்டி வாவியில் இறக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெட்டுவதும் ஒட்டுவதும் பொறுமையிருந்தால் வரும். தோணியின் தலையெழுத்து அதற்கு முன்பே, வரைபடக் கோட்டைப் பலகைக்குக் கொண்டுவரும்போதே தீர்ந்துவிடுகிறது. ஆகவே அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. பெரும்பகுதி ஆழமில்லாத தண்ணீர். அதற்குத் தட்டையான அடியே போதும். 12 அடி நீளம், 4 அடி அகலம், பக்கங்களுக்கு 6 மில்லிமீற்றர் பிளைவூட், அடிக்கு 9 மில்லிமீற்றர். முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறவர்கள் இதைக் கட்ட வேண்டாம். அலைக்கு வேறு வடிவம் வேண்டும்.

பலகைகளைக் கம்பியால் தைத்து, உள்மூலைகளை எபொக்சியால் (இரண்டு பகுதிகளைக் கலந்து இறுக வைக்கும் பிசின்) நிரப்பி, அதன்மேல் பைபர் என்ற கண்ணாடியிழை நாடா ஒட்டுவதுதான் முறை. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்த மிரர் என்ற சிறு பாய்ப்படகு இதை வீட்டில் கட்டுகிறவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பலகையைத் தைப்பது நமக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையில் மசூலாப் படகுகளைக் கயிற்றால் தைத்தே கட்டினார்கள்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். என்னுடையது 1:10 அளவு. கடதாசியில் 1 மில்லிமீற்றர், பலகையில் 1 சென்ரிமீற்றர். பென்சில் கோட்டின் தடிப்பே அரை மில்லிமீற்றர் இருக்கும். அது பலகையில் 5 மில்லிமீற்றர் ஆகிவிடும். போட்டோக்கொப்பி எடுத்தால் படம் கொஞ்சம் நீளலாம், சுருங்கலாம். ஆகவே வரைபடத்தின்மேல் அடிமட்டம் வைத்து அளக்கவே கூடாது. எழுதியிருக்கும் எண்களை மட்டும் எடுக்க வேண்டும். எண்கள் மில்லிமீற்றரில் இருந்தால் மில்லிமீற்றரிலேயே வேலை செய்யுங்கள். அங்குலத்துக்கு மாற்றினால் ஒவ்வொரு புள்ளியிலும் கொஞ்சம் கூட்டிக் குறைக்க வேண்டிவரும். கடைசியில் கோடு நெளியும்.

பலகையைத் தொடுமுன் மட்டையில் ஒரு மாதிரி செய்து பாருங்கள். 6 மில்லிமீற்றர் பலகைக்கு 1:10இல் 0.6 மில்லிமீற்றர் மட்டை வேண்டும். தடிப்பான கலியாணக் கார்ட் மட்டை அதற்குக் கிட்ட வரும். வெட்டி, நூலால் தைத்து நிமிர்த்தினால், தட்டையாகக் கிடந்த துண்டுகள் எப்படி வளைந்து தோணியாகின்றன என்பது கைக்குப் புரியும். அணியத்தில், அதாவது தோணியின் முன்முனையில், பக்கப் பலகை எவ்வளவு முறுக்கிக்கொண்டு வருகிறது என்பதை எந்த வரைபடமும் அப்படிக் காட்டாது.

அப்புறம் பலகை. நேரான ஓரமொன்றை அடிக்கோடாக வைத்து, 300 மில்லிமீற்றருக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடுகள் போட்டு, ஒவ்வொன்றிலும் வரைபடத்தின் அட்டவணையில் உள்ள உயரத்தைக் குறித்தேன். புள்ளிகளில் சிறு ஆணிகள் அடித்து, கணுவில்லாத நீண்ட மெல்லிய சலாகையொன்றை அவற்றோடு அணைத்து வளைத்தேன். நாவலடியிலிருந்து வந்திருந்த தோணி கட்டும் வயதான ஓடாவியார் அதுவரை பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: “அளவு நாடாவைக் கீழ வெய் மனே. குனிஞ்சு ஓரத்தில கண்ணை வெச்சிப் பாரு. எங்க முறியுதெண்டு தன்னால தெரியும்.”

பார்த்தேன். நடுவில் ஒரே ஓர் ஆணி சலாகையைத் தொடாமல் 5 மில்லிமீற்றர் தள்ளி நின்றது. அட்டவணையில் 343 என்று இருந்த இடம் அது. வெயிலில் பிடித்து உற்றுப் பார்த்ததில், அச்சு மங்கிப்போன 348 என்று தெரிந்தது. ஆணியைப் பிடுங்கி 348இல் அடித்ததும் சலாகை எல்லா ஆணிகளிலும் ஒரே சீராகப் படிந்தது. நல்ல வளைவில் எண்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். மில்லிமீற்றர் பக்கமே போகாத ஓடாவியாருக்குப் பிழை தெரிந்தது அதனால்தான்.

இரண்டு பக்கப் பலகைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக இறுக்கிச் சேர்த்தே வெட்ட வேண்டும். தனித்தனியாக வெட்டினால் தோணி ஒரு பக்கம் இழுக்கும்.

பிளைவூட் வாங்கும்போது, தண்ணீருக்கு ஏற்றது என்று சொல்லும் மரைன் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். ஒரு துண்டைச் சில மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறியதும் மடக்கிப் பாருங்கள். அடுக்கடுக்கான படைகள் பிரிந்தால் அந்தப் பலகை கதவுக்குக் கூடச் சரிவராது.

ஒரு தாள் 8 அடி. 12 அடிக்கு, கோடு போடுமுன்பே தாள்களை இணைக்க வேண்டும். இரண்டு முனைகளையும் சரிவாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டும் சரிவு இணைப்புக்குத் தடிப்பைப் போல எட்டு மடங்கு நீளம் வேண்டும். 6 மில்லிமீற்றருக்கு 48. தாள்களைப் படிக்கட்டாக 48 மில்லிமீற்றர் தள்ளித் தள்ளி அடுக்கி, எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சீவினேன். சீவச் சீவ, பலகையின் படைகள் வரிவரியாக வெளியே வரும். வரிகள் நேராகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் ஓடினால் சரிவு சரி. எங்காவது வரி வளைந்தால் அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது. அளவு நாடாவே தேவையில்லை. முழு வேலையிலும் நான் மிகவும் ரசித்துச் செய்தது இதைத்தான்.

தைப்பதற்கு வீட்டு வயரிங்குக்குப் போடும் 1/1.13 வயரின் (1.13 மில்லிமீற்றர் தடிப்பான ஒற்றைக் கம்பி) தோலை உரித்துச் செப்புக் கம்பியை எடுத்துக்கொண்டேன். ஓரத்திலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே துளை, 15 சென்ரிமீற்றருக்கு ஒரு தையல், அணியத்தில் இன்னும் நெருக்கமாக. தைத்து முடிந்ததும் மாலைக்குள் தோணி நிமிர்ந்து நின்றுவிடும். தெருவால் போகிறவர்களெல்லாம் உள்ளே வந்து பார்ப்பார்கள். அந்த மகிழ்ச்சியில் உடனே ஒட்டிவிடக் கூடாது. நடுவில் நூல் கட்டி, அணியத்திலும் பின்பக்கத்திலும் குறுக்காக ஒவ்வொரு நேரான சட்டத்தை வைத்து, பின்னாலிருந்து பாருங்கள். இரண்டு சட்டங்களும் இணையாகத் தெரிய வேண்டும். எபொக்சி இறுகிய பிறகு முறுக்கை யாராலும் எடுக்க முடியாது.

எபொக்சிக்கு நம் ஊர் வெயில் பெரிய எதிரி. வெப்பம் 10 பாகை கூடினால், கலந்ததை வைத்து வேலை செய்யக்கூடிய நேரம் ஏறக்குறையப் பாதியாகிறது. கோப்பையில் குவியலாக விட்டால் தானே சூடேறிப் புகைந்து கல்லாகும். அகலமான தட்டில் பரப்பி வைக்க வேண்டும். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் பகலில் தொடவே கூடாது. மணலும் வந்து ஒட்டும். விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். வெயிலுக்காகக் கலவை விகிதத்தை மாற்றக் கூடாது, அது இறுகாது. மூலைக்குப் போடுவதற்குச் சலித்த மரத்தூள் சேர்த்துக் குழைத்து, கரண்டியைக் கவிழ்த்தால் விழாத பதத்தில் எடுத்தேன். இறுகிய மேற்பரப்பில் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள்.

விலை குறைவு என்று பைபர் படகுக்குப் போடும் பொலியெஸ்டர் றெசினை (பிசினை) எடுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அது மரத்தை நம்பிக்கையாகப் பிடிக்காது. செலவைக் குறைப்பதென்றால் பெயின்டில் குறையுங்கள்.

இருக்கைகளுக்குக் கீழே மூடிய அறைகள் அமைத்து றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகையை அடைத்திருக்கிறேன், தண்ணீர் நிறைந்தாலும் மிதக்கும். மீன்பிடிக்குப் போகிற படகென்றால், 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டப்படி திணைக்களத்தில் பதிய வேண்டும். கட்டும்போதே பரிசோதகரிடம் பேசி வைத்தால் பிறகு அலைச்சல் இல்லை.

இப்போது வீச்சுவலையோடு இரண்டு பேர் தாராளமாகப் போகிறோம். சவள் (துடுப்பு) போடுவதை நிறுத்தினாலும் நேராக ஓடுகிறது. பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் இதையே 14 அடியாகக் கட்டித் தரக் கேட்கிறார். குறுக்குக் கோடுகளின் இடைவெளியைக் கூட்டி நீட்டலாம்தான், ஆனால் பத்திலொரு பங்குக்கு மேல் நீட்டக் கூடாது. அப்படிப் பார்த்தால் 13 அடி சொச்சம்தான் வரும். அதனால் அவருக்கு 14 அடிக்கென்றே வரைந்த படம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.