ஓரத்தில் இருந்த தார்க்குச்சி

"அன்னைக்குச் சரின்னு சொன்னீங்களே டீச்சர்."

2021 நவம்பரில், பள்ளி திறந்து இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, என் மாணவன் ஒருவன் கேட்டது இது. கோபமாகக் கேட்கவில்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டான். சரிவகத்தின் பரப்பளவுக் கணக்கு. அவன் போட்டிருந்த விடையை நான் சிவப்பு மையில் சுழித்து, பாதியாக்க மறந்துவிட்டாய் என்று பக்கத்தில் எழுதியிருந்தேன். ஒன்பது மாதத்துக்கு முன்னால் இதே கணக்கை இதே மாதிரி போட்டுவிட்டு, சரியா என்று அவன் கேட்டான், சரி என்று நான் சொன்னேன். அவன் மறந்திருப்பான் என்று நினைத்தேன். எனக்கே மறந்துபோயிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நான் இருப்பது நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பக்கம், அரசு நடுநிலைப் பள்ளியில். தெருவுக்குத் தெரு தறிப் பட்டறை. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 ஜனவரி, பிப்ரவரியில் கொஞ்ச நாளாவது வகுப்பு நடந்தது. எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு கொரோனாவால் 2020 மார்ச்சில் பூட்டிய கதவு அடுத்த வருஷம் நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. அந்தக் காலத்தில் எல்லா ஆசிரியர்களும் செய்ததைத்தான் நானும் செய்தேன். வாட்ஸ்அப் குரூப், ஆடியோ, போட்டோவில் வீட்டுப்பாடம், கல்வித் தொலைக்காட்சியில் எத்தனை மணிக்கு எந்தப் பாடம் என்று காலையில் ஒரு தகவல். என் ஏழாம் வகுப்பில் 34 பேர், குரூப்பில் 19 எண். அந்த 19 எண்ணில் ஒன்றுகூடப் பிள்ளைகளுடையது இல்லை. அப்பாவுடையது, அம்மாவுடையது, தாத்தாவுடையது, ஒன்று பக்கத்து வீட்டு அக்காவுடையது. வேலைக்குப் போன போன் வீடு திரும்பின பிறகுதான் எனக்கு வகுப்பு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் டிங் டிங் என்று போட்டோக்கள் வர ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்துக்காக நான் காத்துக்கொண்டிருப்பேன் என்பதையும் சொல்ல வேண்டும். யாரெல்லாம் இன்னும் கையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்கிருந்த ஒரே வழி அதுதான்.

பிப்ரவரியில் ஒரு நாள் இவன் போட்டோ வந்தது. ரூல்டு நோட்டின் ஒரு பக்கம். பென்சிலில் சரிவகம், ஸ்கேல் வைத்து நேராகப் போட்டது. இணைப்பக்கங்கள் 12, 8. உயரம் 5. கீழே நாலு வரி. பக்கம் பறக்காமல் இருக்க வலது ஓரத்தில் ஒரு தார்க்குச்சியை, தறியில் போடுவதற்கு நூல் சுற்றுகிற சின்னக் குச்சியை, குறுக்காக வைத்திருந்தான். மஞ்சள் நூல் பாதிதான் சுற்றியிருந்தது, முனை அவிழ்ந்து நோட்டின் மேல் வளைந்து கிடந்தது. மேல் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஆயில் கறை. டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

நான் கணக்கைப் பார்க்கவில்லை. தார்க்குச்சியைத்தான் பார்த்தேன். பார்த்த அடுத்த நிமிஷம் குரூப்பிலேயே ஆடியோ போட்டேன்: "என்ன கண்ணு, பக்கத்துல தார்க்குச்சி இருக்குது? எங்க உக்காந்து எழுதற? பட்டறைக்குப் போறியா?"

இவ்வளவுதான். மூன்று கேள்வி. இதை எத்தனை முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. குரல் கடுமையாக இருந்ததா என்று பல முறை திரும்பக் கேட்டிருக்கிறேன், கடுமையாக இல்லை. அக்கறையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் எண்ணுக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். அவசரத்தில் குரூப்பில் போட்டேன். அவசரம் என்றுகூடச் சொல்ல முடியாது, யாரோ ஒரு பிள்ளை வேலைக்குப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை எல்லாப் பெற்றோரும் கேட்கட்டும் என்று ஒரு நினைப்பு உள்ளே இருந்திருக்க வேண்டும். இருந்ததா இல்லையா என்று இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

அவன் அம்மா வேலைக்குப் போகும் பட்டறைக்காரரின் மகளும் என் வகுப்புதான். அவர் எண்ணும் அதே குரூப்பில் இருந்தது. பெரிய முதலாளி என்று நினைக்க வேண்டாம், எட்டுத் தறி வைத்திருப்பவர், ஆள் வராத அன்றைக்கு அவரும் வீட்டுக்காரம்மாவும் தறி ஓட்டுவார்கள்.

மறுநாள் மத்தியானம் பையனின் அம்மா கூப்பிட்டார். பின்னால் தறிச் சத்தம், அதற்கு மேல் குரலை உயர்த்தித்தான் பேசினார்.

"டீச்சர், அவனப் பத்திக் குரூப்புல கேக்காதீங்க டீச்சர்."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். படிக்கிற பையன், கெட்டிக்காரன், அதனால்தான் கேட்டேன் என்றேன்.

"தெரியுமுங்க. ஆனா அவன் எழுதறதே இங்கதானுங்க. லைன் வீட்டுல ஒரு பல்பு, அதும் அடுப்புக்கு மேல. இங்க லைட்டு இருக்குது, போனு எங்கூட இருக்குது. எனக்குத் தார் சுத்திக் குடுத்துட்டு, நடுவால உக்காந்து எழுதுவான். இப்ப பட்டறைக்கார அண்ணன், பையன உள்ள கூட்டிட்டு வராதீங்க, எனக்கு வம்பு வேண்டாம்னுட்டாரு. அட்வான்ஸ் வாங்கியிருக்கறமுங்க, எதுத்துப் பேச முடியுங்களா?"

அன்றிலிருந்து அவன் போட்டோ வரவில்லை.

ஒரு விதத்தில் பார்த்தால் நான் கேட்டதால் பன்னிரண்டு வயசுப் பையன் பட்டறைக்குள் போவது நின்றது. நல்லதுதானே? இந்தக் கேள்வியை என்னிடமே நான் கேட்கும்போதெல்லாம், நல்லதுதான் என்று ஒரு பதில் உடனே வரும். அப்புறம் அது நிற்காது. ஏனென்றால் அவன் தார் சுற்றுவது நிற்கவில்லை. நூலை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள், அடுப்புக்கு மேலிருந்த ஒரே பல்பின் கீழே உட்கார்ந்து சுற்றினான். நின்றது வீட்டுப்பாடம் மட்டும்.

எச்.எம்.மிடம் சொன்னேன். "அம்மாவுக்கு ஒத்தாசை பண்றான், விடுங்க டீச்சர்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அந்த நேரத்தில் அதைக் கேட்கத்தான் நான் போயிருந்தேனோ என்னவோ. சட்டத்தையும் எடுத்துப் படித்தேன். 2016இல் செய்த திருத்தத்தின்படி 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. ஆனால் ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போகவோ விடுமுறையிலோ உதவலாம் என்று ஒரு விலக்கு உண்டு. படித்துவிட்டு அந்த ஒரு வரியிலேயே நின்றேன். பள்ளியே இல்லாத வருஷத்தில் பள்ளி நேரம் போக என்றால் எந்த நேரம்? ராத்திரி எட்டு மணிக்கு நான் நடத்தியது பள்ளி நேரமா? அவனுக்கு அந்த ஒரு மணி நேரம் பள்ளியாக இருந்தது என்றால், அதை மூடினது கொரோனா இல்லை. அப்புறம், பட்டறை அவர்களுடைய சொந்தத் தொழிலும் இல்லை, அந்த விலக்கு இவனுக்குப் பொருந்தவே பொருந்தாது. இதெல்லாம் அப்போதே எனக்குப் புரிந்தது.

பள்ளிச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று பெரிதாக எழுதியிருக்கிறோம். எழுத்துக்கு வண்ணம் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அந்த எண்ணை நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அதிகாரிகள் வருவார்கள், பட்டறைக்காரர் அவன் வீட்டாரை வேலையை விட்டு நிறுத்துவார், வாங்கின முன்பணத்தைக் கீழே வை என்பார் என்று பயந்தேன். முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவதும் குற்றம்தான், கொத்தடிமை முறையை ஒழிக்கிற சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊரில் அட்வான்ஸ் வாங்காமல் தறிக்குப் போகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் ஸ்கூல் பை அந்தக் காசில் வாங்கினது. இதைச் சாக்காகச் சொல்கிறேனா, காரணமாகச் சொல்கிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து, சத்துணவுக்குப் பதிலாகக் கொடுக்கிற அரிசி பருப்பை வாங்க அவன் வீட்டிலிருந்து யாரும் வராததால், நானே பையை எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனேன். வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைப் பின்னால் துடைத்துக்கொண்டான். மாஸ்கை மேலே இழுத்துவிட்டான். நான் எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்டேன். தார்க்குச்சி பற்றி ஏதாவது கேட்பான், கோபமாக இருப்பான், இல்லை அழுவான் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். வழியெல்லாம் அதற்குப் பதில் தயார் செய்துகொண்டு போனேன்.

அவன் கேட்டது, "அந்தக் கணக்கு சரியா இருந்துச்சுங்களா டீச்சர்?"

எனக்கு ஒரு நிமிஷம் எந்தக் கணக்கு என்றே புரியவில்லை. பத்து நாளாக அந்தப் போட்டோவை நான் எத்தனை முறை திறந்து பார்த்திருப்பேன், ஆயில் கறை எந்த மூலையில் இருக்கிறது என்று சொல்வேன், நூல் எத்தனை வளைவு வளைந்திருந்தது என்று சொல்வேன். கணக்கு என்ன விடை என்று எனக்குத் தெரியாது. அவன் பத்து நாளாகக் காத்திருந்தது அதற்குத்தான்.

"சரிதான் கண்ணு. நல்லாப் போட்டிருந்த" என்றேன்.

அவன் சிரித்தான், மாஸ்குக்கு மேலே கண்ணில் தெரிந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு வீட்டுக்கு வந்து போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 12ஐயும் 8ஐயும் கூட்டி 20. அதை 5ஆல் பெருக்கி 100. பாதியாக்கவில்லை. 50 வர வேண்டும். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. சொல்லவில்லை. அன்றைக்கு அவனுக்குத் தப்பு என்று சொல்ல மனசு வரவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், கணக்கைப் பார்க்காமலே சொன்னேன் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

அப்புறம் மே மாத முழு ஊரடங்கு, தறியும் நின்றது, எல்லார் வீட்டிலும் நோய் பயம். ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு கொடுத்தபோதுகூட நாமக்கல் உட்பட 11 மாவட்டங்களுக்குக் குறைவாகத்தான் கொடுத்தார்கள். அந்த மாதங்களில் அவனோடு நாலைந்து முறை போனில் பேசியிருப்பேன். சாப்பிட்டாயா, அம்மா எப்படி இருக்கிறார், இதுதான் பேச்சு. படிப்பைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

நவம்பரில் வந்துவிட்டான். முதல் நாளே வந்தான், எட்டாம் வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தான், அரை அடி வளர்ந்திருந்தான். பழைய பாடம் எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்க்க வைத்த சின்னத் தேர்வில்தான் அந்தச் சரிவகம் திரும்ப வந்தது. "அன்னைக்குச் சரின்னு சொன்னீங்களே டீச்சர்" என்றான். நான், "அன்னைக்கு நான் சரியாப் பாக்கல கண்ணு, தப்பு என்னுதுதான்" என்றேன். "பரவாயில்லீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ரப்பரால் 100ஐ அழித்தான். அழித்த இடத்தில் 50 என்று எழுதினான். அவன் மனசில் அவ்வளவுதானா என்று தெரியாது.

இனிமேல் பிள்ளைகளின் போட்டோவில் பக்கத்தில் இருப்பதைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். கேட்பதாக இருந்தால் நேரில் போக வேண்டும், தனியாகக் கேட்க வேண்டும், கேட்டதற்குப் பிறகு என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். பக்கத்து ஊர் ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ கண்ணுல பட்டாலும் கண்டுக்காம இருக்கணுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்து மறுபடி மூடினார்கள். குரூப் மறுபடி உயிர் பெற்றது. மூன்றாவது நாள் ராத்திரி எட்டரை மணிக்கு அவன் போட்டோ வந்தது. இயற்கணிதம், அஞ்சு கணக்கு. நோட்டின் நாலு விளிம்போடு சரியாக வெட்டியிருந்தான், பக்கத்துக்கு வெளியே ஒரு நூல் அளவுகூட எதுவும் தெரியவில்லை. டியூப்லைட் வெளிச்சம்தான்.

ஒவ்வொரு கணக்காகப் பார்த்தேன். நாலாவதில் குறி மாறியிருந்தது. அதை மட்டும் அவன் எண்ணுக்குத் தனியாக எழுதி அனுப்பினேன். வேறு எதுவும் கேட்கவில்லை.