முதலில் செத்த காலேஜ், அப்புறம் உயிர்க் காலேஜ்

அனிமேஷன் படிப்பின் முதல் செமஸ்டரில் எங்களை வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்கு வரைந்து பழக அழைத்துப் போனார்கள். காலை ஒன்பதரைக்கு உள்ளே போய் மூன்றரைக்கு வெளியே வந்தோம். என் போனில் 212 படங்கள். நோட்டில் இரண்டு. ஒன்று பாதி மயில், இன்னொன்று கம்பி வேலி. எந்த விலங்கும் நின்ற இடத்தில் நிற்கவில்லை என்பது என் குறை. அன்று இரவு ஹாஸ்டலில் போனைப் பார்த்துப் பத்துப் பக்கம் வரைந்து தள்ளினேன். கோடெல்லாம் சுத்தம், நிழலெல்லாம் தேய்த்து மெழுகி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் ஆசிரியர் நோட்டைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்தப் புலி அடுத்து எந்தக் காலைத் தூக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. பத்துப் பக்கம் வரைந்தவளுக்குத் தெரியவில்லை.

இப்போது நான் கடைசி வருடம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வந்து, “அக்கா, ட்ரிப்புக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?” என்று கேட்கிறார்கள். அந்தப் பட்டியல் சின்னதுதான். ஒரு பால்பாயிண்ட் பேனா, ஒரு 4பி பென்சில், கையில் அடங்குகிற நோட்டு, காற்றில் பக்கம் பறக்காமல் இருக்கத் துணி கிளிப் இரண்டு, தொப்பி, தண்ணீர். ரப்பர் வேண்டாம். ரப்பர் இருந்தால் அழித்துக்கொண்டே இருப்போம், அதற்குள் புலி போய்விடும். விலை உயர்ந்த ஸ்கெட்ச் புத்தகமும் வேண்டாம். 600 ரூபாய் கொடுத்து வாங்கிய நோட்டில் கிறுக்க யாருக்கும் மனசு வராது. பட்டியல் முடிந்தது. என்ன கேள்வியோடு போவது என்பதுதான் எனக்கு யாரும் சொல்லாத விஷயம்.

எங்கள் ஆயா எழும்பூர் மியூசியத்தை இன்றும் ‘செத்த காலேஜ்’ என்றுதான் சொல்லுவார். பழைய மிருகக்காட்சிசாலை ‘உயிர்க் காலேஜ்’. அந்தக் காலத்தில் அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்து இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்புவார்களாம். இரண்டுக்கும் உறவும் உண்டு. 1851-ல் தொடங்கிய மியூசியத்தின் வளாகத்தில்தான் 1855-ல் உயிருள்ள விலங்குகளை வைத்தார்கள். அப்புறம் அவை சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், கடைசியில் 1985-ல் வண்டலூருக்கு வந்து சேர்ந்தன. நான் உயிரை முதலில் பார்க்கப் போய்த் தோற்றதால், ஆயா சொன்ன வரிசையில் போய்ப் பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை எழும்பூருக்குப் போனேன். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், மியூசியம் விடுமுறை. வண்டலூருக்குச் செவ்வாய்.

எலும்புக்கூடுகளுக்கு எதிரே நான்கு மணி நேரம் உட்கார்ந்தேன். ஓடாத, திரும்பாத, கூட்டம் சேர்க்காத மாடல் வேறு எங்கே கிடைக்கும்? நாய், பூனை, புலி எல்லாவற்றுக்கும் பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்பது முழங்கால் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது குதிகால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி ஒளிந்திருக்கிறது. நீங்கள் எழுந்து நுனிக்காலில் நின்று முழங்காலை லேசாக மடக்கிப் பாருங்கள், அதுதான் புலியின் பின்னங்கால். கொக்கின் கால் ‘தலைகீழாக’ மடிகிறது என்போமே, அங்கேயும் மடிவது கணுக்கால்தான். யானைக்கோ முழங்கால் நம்மைப் போலவே கீழே இறங்கி முன்பக்கம் மடிகிறது. அதனால்தான் யானை உட்காரும்போது வேட்டி கட்டிய ஒரு பெரியவர் உட்கார்வது போலத் தெரிகிறது. இது தெரியாமல் ஆயிரம் பக்கம் வரைந்தாலும் கால் ஒட்டவைத்தது போலத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பாடம் செய்து வைத்திருக்கும் விலங்குகளை நம்பி முகத்தை வரையாதீர்கள். தோல்தான் அசல், உள்ளே இருக்கும் வடிவம் அதைச் செய்தவருடைய கற்பனை. எலும்பு அப்படிப் பொய் சொல்லாது.

அதற்குப் பிறகு வண்டலூருக்குத் தனியாகப் போனேன். ஒரே கேள்வி: புலி எந்தக் காலை எப்போது வைக்கிறது. நோட்டைத் திறக்காமல் இருபது நிமிடம் பார்த்தேன். இதுதான் கஷ்டம், கை துறுதுறுக்கும். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. அடைப்பில் இருக்கும் புலி சும்மா உலாத்துவதில்லை. ஒரே தடத்தில் போய், ஒரே இடத்தில் திரும்பி, அதே தடத்தில் வருகிறது. அப்படியென்றால் எந்த நிலையைத் தவறவிட்டாலும் ஒரு நிமிடத்தில் அது திரும்ப வரும்! ஒரு பக்கத்தில் ஆறு படங்களை ஒரே சமயத்தில் தொடங்கினேன். வரும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று, முதுகு காட்டிப் போகும்போது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்றே கோடு. மறு சுற்றில் அதே நிலை வந்ததும் அந்தப் படத்துக்குத் தாவி இன்னும் இரண்டு கோடு. நாற்பது நிமிடத்தில் ஆறில் நான்கு தேறின.

கேள்விக்கும் பதில் கிடைத்தது. இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால், இதுதான் நடையின் வரிசை. பின்னங்கால் கிட்டத்தட்ட முன்னங்கால் பதிந்த இடத்திலேயே வந்து விழுகிறது. அதனால் அது விழப்போகும்போது முன்னங்கால் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். எடை தாங்கும் பக்கத்துத் தோள்பட்டை எலும்பு முதுகுக்கோட்டுக்கு மேலே மேடாக எழும், மறு பக்கம் இறங்கும். தலை மட்டும் ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் மிதக்கும். என் 212 போட்டோக்களிலும் இதெல்லாம் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

கேமராவே கூடாது என்று சொல்ல வரவில்லை. குதிரை ஓடும்போது ஒரு கணம் நான்கு காலும் தரையை விட்டு எழுகிறதா என்ற கேள்வியை 1878-ல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை வைத்துத்தான் தீர்த்தார். ஓவியர்கள் அதுவரை முன்காலை முன்னே நீட்டி, பின்காலைப் பின்னே நீட்டித் தவறாக வரைந்துகொண்டிருந்தார்கள். வரைந்து முடித்த பிறகு ஒரு நிமிட வீடியோ எடுங்கள். வீட்டுக்கு வந்து சரிபாருங்கள். முதலில் கண், அப்புறம் போன். வரிசை மாறினால் கண் சோம்பேறியாகிவிடும்.

இரண்டாம் வருடம் எடை தூக்கும் ஒரு காட்சியை அனிமேட் செய்யச் சொன்னார்கள். என் ஆள் மூட்டையை லபக்கென்று தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். “உள்ளே என்ன, பஞ்சா?” என்றார் ஆசிரியர். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து விடியற்காலை நான்கு மணிக்குக் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டுக்குப் போனோம். முதலில் கற்றது, வழியில் நிற்கக் கூடாது. சுமை தூக்குபவர் நமக்காக ஒதுங்க முடியாது, நாம்தான் ஒதுங்க வேண்டும். ஒரு கடை ஓரமாக, காலி கூடைகளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம்.

லாரியிலிருந்து இரண்டு பேர் மூட்டையை இறக்கிக்கொடுக்க, கீழே ஒருவர் சும்மாட்டைத் தலையில் சரிசெய்துகொண்டு உள்ளே நுழைகிறார். மூட்டை தலையில் உட்கார்ந்ததும் அவர் நிமிரவில்லை. முதலில் முழு உடம்பும் ஒரு சாண் கீழே இறங்குகிறது. கால்கள் அகலுகின்றன. அங்கே ஒரு கணம் நின்று, அப்புறம்தான் மேலே வருகிறார். அந்த ஒரு சாண்தான் என் அனிமேஷனில் இல்லாதது. நடக்கும்போதும் முழங்கால் முழுசாக நீளவே இல்லை. அடி சின்னது, வேகமானது. தலைக்கு மேலே ஒரு நூல் கட்டினால் மூட்டை அந்த நூலை ஒட்டியே போகும். ஆட்டமெல்லாம் இடுப்பில்தான். நான் எட்டு ஃபிரேமில், அதாவது எட்டுத் தனிப் படங்களில், முடித்திருந்த தூக்கலுக்கு அவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன், இரண்டு வினாடி ஆனது. வினாடிக்கு 24 என்றால் 48 ஃபிரேம். பஞ்சு மூட்டைக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

டீ குடித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் அருகே வந்தார். “இன்னாமா, அரை அவரா எங்களப் பாத்துப் பாத்து எழுதினுகீற? கார்ப்பரேஷன்லேர்ந்து கணக்கெடுக்க வந்துக்கீறியா?”

நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். ஒரு படத்தில் விரலை வைத்து, “இது தப்பும்மா” என்றார். “மூட்ட இருக்கசொல்லோ கழுத்து இப்டி திரும்பாது. திரும்புச்சின்னா ஆள் காலி. கண்ணுதான் திரும்பும். இல்லாங்காட்டி மொத்த ஒடம்பும் திரும்பணும்.”

அன்றைய பாடம் அதுதான். அந்தப் படத்தை அழிக்காமல் பக்கத்திலேயே எழுதிவைத்தேன். மனிதர்களை வரைவதில் என் வழக்கம் இதிலிருந்து வந்ததுதான்: வரைந்ததை வரையப்பட்டவருக்குக் காட்டிவிடுவது. வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். தூங்குபவர்கள், நோயாளிகள், கையேந்துபவர்கள் பக்கம் பேனாவைத் திருப்புவதில்லை. உங்களுக்கு அவர்கள் ‘சுவாரசியமான போஸ்’ ஆகத் தெரியலாம். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நேரத்தைக் குறிப்பது பற்றி ஒன்று. ஸ்டாப்வாட்சைப் பார்த்தால் கண் ஆளை விட்டு விலகிவிடும். நான் சின்ன வயதில் நான்கு வருடம் பரதம் கற்றுப் பாதியில் விட்டவள். அதில் மிச்சம் இருப்பது ஜதி மட்டும். நிதானமான நடையில் ஓர் அடிக்கு ஏறக்குறைய 12 ஃபிரேம். அதற்குள் ‘தகதிமி’ சொன்னால் ஓர் எழுத்துக்கு மூன்று ஃபிரேம், ‘தகிட’ சொன்னால் நான்கு. எழும்பூர் ரயில் நிலையத்தில் ஒரு தாத்தா வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். அவர் போகப் போக வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். தக தகிட, தகிட. தக தகிட, தகிட. நல்ல கால் தரையில் இருக்கும்போது ஐந்து, வலிக்கிற கால் சட்டென்று மூன்று. மொத்தம் எட்டு. எழுத்துக்கு மூன்று ஃபிரேம் வைத்தால் 15-ம் 9-ம், ஆக 24. படத்துக்குக் கீழே ‘5 + 3’ என்று மட்டும் குறித்துக்கொண்டேன். நான்கு மாதம் கழித்து அந்தக் குறிப்பை வைத்தே நடையை அனிமேட் செய்தேன், தாத்தா அப்படியே வந்துவிட்டார். பரதம் தெரியாவிட்டால் பரவாயில்லை, பறையோ பாட்டோ எது உங்கள் காதில் இருக்கிறதோ அதில் எண்ணுங்கள்.

மாமல்லபுரத்துக்கும் போனோம். எல்லோரும் கடற்கரைக் கோயிலுக்கு ஓட, ஆசிரியர் எங்களைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளையும் ஆடுகளையும் ஒரு மணி நேரம் வரையச் சொன்னார். முனகிக்கொண்டே வரைந்தோம். அப்புறம்தான் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். தேவர்கள், முனிவர்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எங்கள் கண் போனது ஒரு மானிடம். பின்னங்காலைத் தூக்கி முகத்தைச் சொறிந்துகொண்டிருக்கிறது அது. சற்று முன்பு ஓர் ஆட்டுக்குட்டி அதே வேலையைச் செய்ததைப் பிடிக்க முயன்று, எங்களில் மூன்று பேர் கோட்டைவிட்டிருந்தோம். கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்கிறார், பசு கழுத்தை வளைத்துக் கன்றை நக்குகிறது. கன்றை நக்கும்போது பசுவின் முதுகெலும்பு எங்கே வளைகிறது, எடை எந்தக் காலுக்குப் போகிறது என்பதெல்லாம் சரியாக இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒருவர் ஏதோ ஒரு தொழுவத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவரிடம் ரப்பர் கிடையாது என்பதும் நினைவுக்கு வந்தது.

நேராகச் சிற்பத்தை வரையப் போயிருந்தால் கிரீடத்தையும் நகையையும் நகல் எடுத்துக்கொண்டு வந்திருப்போம். அதனால் உங்களை யாரும் அழைத்துப் போகாவிட்டாலும் இதே வரிசையில் போங்கள்.

மதிப்பீடு, போர்ட்ஃபோலியோ பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. பக்கத்தைக் கிழிக்காதீர்கள். இடம், தேதி, நேரம் எழுதுங்கள். நன்றாக வந்த படங்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சுத்தமாக ஒட்டினால், பார்ப்பவர் அழகு என்று சொல்லிவிட்டுப் புரட்டிவிடுவார். என் இரண்டாம் வருட ஜூரியில், அதாவது எங்கள் வேலையை மதிப்பிடும் குழுவில், மூன்று பேர் இருந்தார்கள். பளபளப்பான பக்கங்களைப் பத்து வினாடிக்கு ஒன்றாகத் தாண்டினார்கள். டீக்கறை பட்ட கோயம்பேட்டுப் பக்கத்தில் நின்றார்கள். தப்பான கழுத்து, அதன் பக்கத்தில் அண்ணன் சொன்ன திருத்தம், அதன் கீழே திருத்திய படம். “இதிலிருந்து வந்த ஷாட் எங்கே?” என்று கேட்டார்கள். லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினேன். எனவே ஒவ்வொரு ட்ரிப்பிலும் ஒரு பக்கத்தையாவது அசையும் துண்டாக மாற்றிவையுங்கள், மூன்று வினாடி போதும்.

இப்போது நான் மாட்டிக்கொண்டிருப்பது வேடந்தாங்கலில். சீசனில் இரண்டு முறை போய்வந்துவிட்டேன். மஞ்சள் மூக்கு நாரை மரத்தில் இறங்கும் அந்தக் கடைசி ஒரு வினாடி பிடிபடவில்லை. இறக்கையை விரித்துக் காற்றைத் தடுக்கிறது, உடம்பு நிமிர்கிறது, கால் தொங்குகிறது. அதற்கும் கிளையைப் பிடிப்பதற்கும் நடுவில் என்னவோ நடக்கிறது. என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க உடம்பில்லாத கால்கள், பதினேழு. மழை முடிந்து பறவைகள் வந்ததும் மறுபடி போகிறேன். இந்த முறை முதலில் எழும்பூருக்கு.