மறுபடி மடித்த துண்டு

இன்று இரவு 'ஆட்டம் சொனாட்டா' (Autumn Sonata) படம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒன்றிரண்டு மடித்து வைத்தேன்.

பியானோ காட்சி வந்தது.

மகள் இசையமைப்பாளர் ஷோப்பினின் இசையை வாசித்து முடிக்கிறாள். பேர்பெற்ற கலைஞரான தாய், அதையே எப்படி வாசிக்க வேண்டும் என்று வாசித்துக் காட்டுகிறாள். மகள் அந்த விரல்களைப் பார்ப்பதில்லை. தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். 1978இல் ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மன் எடுத்த படம். மகளாக நடித்த லிவ் உல்மனின் அந்தப் பார்வை இன்னும் ஆறவில்லை.

எழுத்தாளர் அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையிலும் அப்படித்தான். வயதுக்கு வந்த பெண் அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். வந்தவள் சொல்வது சில சொற்கள்தான். அதற்குத்தான் கொலை என்று பெயர்.

நம் சினிமாவில் அம்மா என்றால் தியாகம். அதுவும் பெரும்பாலும் மகனுக்காக. மகளிடம் வரும்போது கேமராவுக்கு என்னவோ கூச்சம்.

"அந்தப் பொண்ணு நல்லாத்தானே வாசிச்சா? பாவம், அவ அம்மா எதுக்குத் திருத்தணும்?" என்றாள் அம்மா.

நான் மடித்து வைத்த துண்டை எடுத்து, உதறி, மறுபடி மடித்துக்கொண்டே.